மீட்டருக்கு அப்பால் யார் பொறுப்பு?

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற புதிய உச்சத்தை எட்டியது. கடும் கோடையில் அவ்வளவு மின்சாரத்தையும் திரட்டி வழங்குவது எளிய காரியமன்று; அதற்காக இரவு பகலாக உழைத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். மின்னுற்பத்தி நிலையம், துணைமின் நிலையம், மின்மாற்றி, மின்கம்பம் என்று அந்த மின்சாரத்தின் பயணத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் கணக்கு உண்டு, பொறுப்பாளர் உண்டு, மாதாந்திரப் பராமரிப்பு நாள்கூட உண்டு. வீட்டு வாசலில் உள்ள மீட்டரோடு அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் சுவருக்குள்ளும் உத்தரத்தின் மீதும் ஓடும் கம்பி எப்போது போடப்பட்டது, எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும், இன்று எவ்வளவைச் சுமக்கிறது என்பதை அரசின் எந்தப் பதிவேடும் சொல்லாது.

ஒரு தலைமுறைக்கு முன் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. இரண்டு குழல்விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு வானொலி என்றிருந்த வீட்டில் ஓடிய மின்னோட்டம் ஓர் ஆம்பியரைத் தாண்டாது. எந்த மெல்லிய கம்பியும் அதைத் தாங்கும். இன்று அதே வீட்டில், அதே கம்பியில், ஏசியும் கொதிகலனும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஏறிவிட்டன. மின்சார ஸ்கூட்டர் வந்துவிட்டது; கார் வந்துகொண்டிருக்கிறது. மின்வாரியம் கம்பம் வரை கொண்டுவந்து நிறுத்திய வசதியை வீட்டுக்குள் பாதுகாப்பாக எடுத்துச் செல்லும் வேலை முழுவதையும் நாம் தெருமுனை வயர்மேனிடம் விட்டுவிட்டோம் என்பதே என் வாதம்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணைக் கரையில் உள்ள மணலூர்பேட்டையைப் போன்ற ஊர்களில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். இந்த ஆறு ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகத்தான் இங்கே வருகிறது. நாட்டின் மின்சார இருசக்கர வாகனங்களில் பெரும்பகுதி அந்த மாவட்டத்தில் தயாராகிறது. அவ்வாகனங்கள் சில ஆண்டுகளில் ஆற்றின் போக்கிலேயே இங்கும் வந்து சேர்ந்துவிட்டன. வீடுகளோ பழையவை. திண்ணை, நடை, முற்றம், கூடம், அடுப்படி, அதன் பின் தோட்டம் என்று நீளும் தெருவீடுகள். மீட்டர் திண்ணையோரம் இருக்கும். மின்சாரம் அதிகம் தேவைப்படும் அடுப்படியும் குளியலறையும் எண்பது அடிக்கு அப்பால் பின்கட்டில் இருக்கும். இடையில் மரச்சட்டத்தில் ஆணியடித்து ஓட்டிய பழைய ‘ரீப்பர்’ வயரிங். சில வீடுகளில் அதன்மீதே பிளாஸ்டிக் பட்டை மாட்டி மூடியிருப்பார்கள்.

அங்கே உறவினர் ஒருவரின் வீட்டில் பின்கட்டைப் புதுப்பித்தபோது நான் உடனிருந்தேன். ஒன்றரை டன் ஏசி ஒன்று, ஒரு டன் ஏசி ஒன்று, கொதிகலன், இண்டக்‌ஷன் அடுப்பு. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் ஏறத்தாழ 32 ஆம்பியர். கூடத்திலிருந்து பின்கட்டுக்குச் செல்லும் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியே போதும் என்று வந்த வயர்மேன் சொன்னார். “எம்சிபி அடிக்கடி விழுந்தா 32 போட்டுடலாம் அண்ணே, அப்புறம் விழாது” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அது விழாது.

விழாமல் இருப்பதில்தான் ஆபத்து. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 7.4 மில்லிஓம். 25 மீட்டர் போய் 25 மீட்டர் திரும்பும் கம்பிக்கு 0.37 ஓம். அதில் 32 ஆம்பியர் ஓடினால் 12 வோல்ட் வழியிலேயே இழக்கப்படும். கம்பியில் 380 வாட் வெப்பம் உருவாகும். அதாவது ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 15 வாட். குளிர்காலத்தில் திறந்த வெளியில் இது ஒன்றுமில்லை என்று தோன்றலாம். 40 டிகிரி வெயிலில், ஓட்டுக்கூரையின் அடியில், காற்றுப் புகாத குழாய்க்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லை. சாதாரண பிவிசி உறை 70 டிகிரி வரை தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் உறையின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர்களின் பொதுக்கணக்கு. அன்றே தீப்பிடிக்காது, மூன்றாவது, நான்காவது கோடையில் உறை காய்ந்து வெடிக்கும்.

அதே தூரத்துக்கு 10 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் வெப்பம் 94 வாட்டாகக் குறைந்துவிடும். வோல்ட் இழப்பு மூன்றுக்குள் அடங்கும். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பாடம். அதைச் சுவருக்குள் பொருத்திப் பார்க்க நாம் யாரும் கற்றுக்கொள்ளவில்லை. கடைசியில் அந்த வீட்டில் தடித்த கேபிளைத்தான் இழுத்தார்கள். மீட்டருக்கு அருகிலிருந்து தனிப்பாதையாக, நடுவில் ஒட்டுப்போடாமல், முற்றத்துச் சுவரின் வெளிப்புறமாகக் குழாயில் கொண்டுபோனார்கள். பார்க்க அழகில்லை என்று வீட்டில் வருத்தம் இருந்தது. மரச்சட்டத்தையும் வைக்கோல் கலந்த பழைய சுவர்ப் பூச்சையும் தொடாமல் கேபிள் போவது நல்லது என்பதே என் கருத்து. ஒட்டுப்போடாமல் என்று சொன்னதும் முக்கியம். சரியாக முறுக்காத ஓர் இணைப்பில் பத்தில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தால் போதும், 32 ஆம்பியரில் நூறு வாட் வெப்பம் விரல்நுனி அளவு இடத்தில் குவியும்.

எம்சிபியைப் பற்றி நம் வீடுகளில் நிலவும் தவறான எண்ணம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அது ஏசியைக் காப்பாற்றும் கருவியன்று. தனக்குப் பின்னால் உள்ள கம்பியைக் காப்பாற்றும் கருவி. கம்பி 20 ஆம்பியரைத்தான் தாங்கும் என்றால் எம்சிபியும் அதற்குள்தான் இருக்க வேண்டும். 32 ஆம்பியர் எம்சிபி, தரத்தின்படியே, 36 ஆம்பியரை ஒரு மணி நேரம் விழாமல் தாங்க வேண்டும். பழைய பீங்கான் ஃபியூஸில் மெல்லிய கம்பி அடிக்கடி போகிறதென்று நம் தாத்தாக்கள் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றினார்கள். நாம் அதையே புதிய கருவியைக் கொண்டு செய்கிறோம்.

தீ விபத்துச் செய்திகளில் ஒரு சொல் தவறாமல் வரும்: ‘மின்கசிவு’. கடை எரிந்தாலும் வீடு எரிந்தாலும் ‘மின்கசிவே காரணம் என முதற்கட்ட விசாரணையில் தெரியவந்தது’ என்ற வரியோடு செய்தி முடிகிறது. பெரும்பாலும் விசாரணையும் அதோடு முடிகிறது. அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை வேறுபட்ட குற்றங்கள் ஒளிந்திருக்கின்றன! கம்பியின் தகுதிக்கு மீறிய சுமை ஒன்று. தளர்ந்த இணைப்பு மற்றொன்று. உறை கிழிந்து இரு கம்பிகள் உரசுவது மூன்றாவது. சொல்லின் நேர்ப்பொருளில் கசிவு என்பது, மின்னோட்டம் தன் பாதையை விட்டு உலோக உடல் வழியாகவோ மனித உடல் வழியாகவோ மண்ணுக்குப் போவது. இவை ஒவ்வொன்றுக்கும் காரணமும் வேறு, தடுக்கும் வழியும் வேறு, பொறுப்பானவரும் வேறு. எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைப்பதால், இயற்கைச் சீற்றத்தைப் போல யாரும் பொறுப்பில்லாத நிகழ்வாக அது மாறிவிடுகிறது. இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறப்போர் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் தொடர்ந்து காட்டுகின்றன. இதில் வயல்வெளிகளிலும் மின்பாதைகளிலும் நேரும் இறப்புகளும் அடங்கும். வீட்டுக்குள் இறந்தோர் எத்தனை பேர், எந்தக் கோளாற்றால் என்று தனியே பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வரவில்லை.

உண்மையான கசிவுக்கு மருந்து இருக்கிறது. ஆர்சிடி அல்லது ஆர்சிசிபி எனப்படும் கருவி, போகும் மின்னோட்டத்துக்கும் திரும்பும் மின்னோட்டத்துக்கும் 30 மில்லிஆம்பியர் வேறுபாடு வந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். இலங்கையில் இதை ‘ட்ரிப் சுவிட்ச்’ என்று வீட்டுப் பெண்களும் குழந்தைகளும்கூட அறிவார்கள். நம் வீடுகளில் எர்த் போட்டிருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. தோட்டத்தில் குழி தோண்டி உப்பும் கரியும் இட்டுப் புதைத்த எர்த் குழாயின் தடை, தண்ணீர் ஊற்றாத கோடையில் 20 ஓம் என்றே வைத்துக்கொள்வோம். குளிர்சாதனப் பெட்டியின் உடலில் மின்சாரம் பாய்ந்தால் மண்ணுக்குப் போவது 11 ஆம்பியர் அளவுதான். அதற்கு 16 ஆம்பியர் எம்சிபிகூட அசையாது. 32 ஆம்பியருக்கு அது தெரியவே தெரியாது. பெட்டி மின்சாரத்தோடு அப்படியே நிற்கும். தொடுபவருக்குத்தான் தெரியும். கல்வராயன் மலையின் பாறை நிலத்தில் நல்ல எர்த் கிடைப்பது இன்னும் அரிது. அங்குள்ள வீடுகளுக்கு இந்தக் கருவி சமவெளியைவிடக் கூடுதலாகத் தேவை. ஆனால் நடைமுறையில் அங்கேதான் அது மிகக் குறைவாக இருக்கும்.

2024 டிசம்பர் 2 அதிகாலை இந்தப் பகுதி இன்னொரு பாடத்தையும் கற்றது. ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணையின் இரு கரைகளிலும் ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. முன்னெச்சரிக்கை போதுமானதா என்ற அரசியல் சர்ச்சை பல வாரம் நீடித்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டக் குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் வழங்கப்பட்டது. குடிசைக்கும் பயிருக்கும் கால்நடைக்கும் தனித்தனி நிவாரணம். தாழ்வாக வைத்த பிளக் சாக்கெட்டுகளிலும் சுவர்க்குழாய்களிலும் சேறு புகுந்த வீடுகளின் வயரிங்கை யார் சோதித்தார்கள்? ‘மெக்கர்’ என்ற கையடக்கக் கருவியால் ஒரு வீட்டின் உறைத்தடையைச் சில நிமிடங்களில் அளந்துவிடலாம். நீர் வடிந்த பின் அப்படி ஓர் ஏற்பாடு வீதிகளில் வந்ததாக நான் காணவில்லை. மின்சாரம் திரும்ப வந்ததே செய்தியாயிற்று.

அரசு இதில் வெறும் பார்வையாளர் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வீட்டுக்குள் மின்சுமையை ஏற்றியதில் அதன் பங்கு பெரிது. கிராமப்புறக் குடிசைகளுக்கு 40 வாட் விளக்கு ஒன்றுக்கு இலவச இணைப்பு தந்தது அரசு. 2006-க்குப் பின் அதே குடிசைகளுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்தது. 2011 முதல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. 2016 முதல் இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம். நான் இவற்றைக் குறைசொல்லவில்லை. அம்மிக்கல்லிலிருந்தும் ஆட்டுக்கல்லிலிருந்தும் பெண்களின் கைகளை விடுவித்த திட்டங்கள் இவை. விளக்குக்காக இழுத்த ஒற்றைக் கம்பியில் மிக்ஸி ஓடப் போகிறதே என்று எந்தக் கட்டத்திலாவது யாராவது யோசித்தார்களா என்பதுதான் கேள்வி. இப்போது பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் கூரைத் தகடுகளுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. கூரையிலிருந்து மீட்டர் வரை இன்னொரு கேபிள் வீட்டின் ஊடாக இறங்குகிறது. கருவியைப் பொருத்தும் நிறுவனம் அந்தக் கேபிளை மட்டும் பார்க்கும். அது போய்ச் சேரும் முப்பதாண்டுப் பழைய மெயின் போர்டு அதன் வேலைப் பட்டியலில் இராது.

சட்டத்தில் இடமில்லாமலில்லை. மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், மின்நிறுவல்களை ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியில் சோதிக்க வேண்டும் என்றன. பின்னர் வந்த திருத்தம், குறைந்த மின்னழுத்த நிறுவல்களுக்கு உரிமையாளரே சுயசான்று அளிக்கலாம் என்றது. சுயசான்று என்றால் வீடுகளைப் பொறுத்தவரை யாரும் அளிக்காத சான்று என்று பொருள். தமிழ்நாட்டின் மின் ஆய்வுத் துறை உயரழுத்த நிறுவல்கள், அடுக்குமாடிகள், திரையரங்குகள் ஆகியவற்றைப் பார்க்கிறது. மணலூர்பேட்டைத் தெருவீடு அதன் கண்ணில் படாது. புதிய இணைப்புக்கு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் பணிநிறைவு அறிக்கை தேவை. அந்தக் கையெழுத்து எப்படிக் கிடைக்கிறது என்பது வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும். ஆர்சிடி பொருத்துவது விதியில் இடம்பெற்றுவிட்டது. ஏற்கெனவே இணைப்புள்ள வீடுகளில் அது சுவருக்கு வரவில்லை.

கூடுதல் மின்சுமை விவகாரத்தில் இந்தப் போக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். அனுமதிக்கப்பட்ட சுமையை விட அதிகமாகப் பயன்படுத்தினால் மின்வாரியம் கண்டுபிடிக்கும். மீட்டரே அதைப் பதிவு செய்கிறது. அறிவிப்பு வரும், வளர்ச்சிக் கட்டணம் கட்டச் சொல்லும், கட்டினால் பதிவேட்டில் எண் மாறும். 3 கிலோவாட்டுக்காகப் போட்ட கம்பி 7 கிலோவாட்டைத் தாங்குமா என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒரு வீட்டின் சுமை உயர்கிறது என்பதைவிடத் தெளிவான அபாய அறிகுறி வேறில்லை. அதை வருவாய்க் கணக்காக மட்டும் பார்ப்பது வீணடிப்பு. அந்த விண்ணப்பத்தோடு மெயின் கேபிளின் அளவு, உறைத்தடை, எர்த் தடை, ஆர்சிடி வேலை செய்கிறதா என்ற நான்கு விவரங்களையும் உரிமம் பெற்ற வயர்மேன் அளந்து எழுதித் தர வேண்டும் என்று விதிக்கலாம். நூறில் ஐந்து வீடுகளை மின்வாரியம் திடீரென்று சென்று சரிபார்த்தால் போதும். பொய்க் கையெழுத்தின் விலை உயர்ந்துவிடும்.

இன்னொரு சான்று என்றால் இன்னொரு லஞ்சம் என்பார்கள். அந்த அச்சத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். அதனால்தான் வீடுதோறும் ஆய்வாளர் வேண்டும் என்று சொல்லவில்லை. சுமை கூடும்போது மட்டும், அளவுகளை எழுத்தில் பெறுங்கள் என்கிறேன். ஏழை வீடுகளின் செலவு வேறு பிரச்சினை. 100 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் குடும்பத்தின் மீது ஆர்சிடியின் விலையைச் சுமத்துவது நியாயமன்று. மிக்ஸி தந்த அரசால் அதைவிட மலிவான இந்தக் கருவியையும் தர முடியும்.

வாடகை வீடுகளின் நிலை இன்னும் சிக்கலானது. ஏசி வாடகைதாரருடையது, கம்பி உரிமையாளருடையது. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், வீட்டின் உள்வயரிங் பராமரிப்பை உரிமையாளரின் பொறுப்பாகவும், சுவிட்ச், சாக்கெட் பழுதை வாடகைதாரரின் பொறுப்பாகவும் அட்டவணையில் பிரித்திருக்கிறது. இதைப் படித்தவர் இரு தரப்பிலும் அரிது. இங்கிலாந்தில் 2020 முதல் தனியார் வாடகை வீடுகளின் வயரிங்கை ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதியுள்ளவரைக் கொண்டு சோதித்து, அறிக்கையை வாடகைதாரரிடம் தர வேண்டும். அவ்வளவு தூரம் போக இங்கே காலமாகும். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்தபோது இறந்த இந்தியர்களில் ஏழு பேர் தமிழர்கள். தரைத்தளக் காவலர் அறையில் ஏற்பட்ட மின்கோளாறே காரணம் என்று அந்நாட்டுத் தீயணைப்புத் துறை கண்டறிந்தது. நம் நகரங்களில் ஓர் அறைக்கு எட்டுப் பேர் தங்கும் விடுதிகள், அந்தக் கட்டடத்தைவிடப் பாதுகாப்பானவை என்று துணிந்து சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழைய வீடுகளைத் திருத்துவது கடினம், மெதுவாகத்தான் நடக்கும். புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் அந்தத் தாமதத்துக்குக் காரணமே இல்லை. குடிசையில்லாத் தமிழ்நாடு என்ற இலக்கோடு 2024-இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் வீடு ஒன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய். பரப்பு 360 சதுர அடி. அவ்வளவு சிறிய வீட்டில் மீட்டரிலிருந்து அடுப்படிக்குப் பத்து மீட்டர்கூட இராது. அடுப்புக்கும் பின்னாளில் வரக்கூடிய ஏசிக்கும் 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் தனித்தனிப் பாதை, மெயின் போர்டில் ஓர் ஆர்சிடி, தரையிலிருந்து உயர்த்தி வைத்த சாக்கெட்டுகள். சுவர் பூசுவதற்கு முன் இவற்றைச் சேர்த்தால் மதிப்பீட்டில் ஒரு வரி கூடும். பூசிய பின் சேர்க்க வேண்டுமானால் சுவரை உடைக்க வேண்டும். ஊரக வளர்ச்சித் துறை அடுத்த தொகுதி வீடுகளுக்கான மாதிரி மதிப்பீட்டைத் தயாரிக்கும்போதே அந்த வரியை எழுதிவிடலாம்.